இளைத்துக்கொண்டே போன மண்டோர்

பழைய இரும்புச் சாமானைப் பார்ப்பதற்காக விமானம் ஏறிய முதல் ஆள், எங்கள் தெருவில் நானாகத்தான் இருக்க வேண்டும். "அதுக்குப் புதுப்பேட்டைக்கு பஸ் இருக்கே" என்றார் என் கணவர். அவருக்கு நவீனக் கலையில் அவ்வளவுதான் ஈடுபாடு.

சென்னையில் ஒரு சின்னக் கலைக்கூடத்தில் எனக்கு வேலை. சிற்பங்களுக்குக் கையேடு எழுதுவேன். அதாவது, பார்க்க வருகிறவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றால் குறை அவரிடம்தான் என்று அவரே நம்பும்படி நாலு பக்கம் எழுதுவேன். தூக்கிப் போட்ட பொருட்களில் செய்த சிற்பங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைக்க எங்கள் முதலாளி முடிவு செய்தார். மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்டெல்லா என்ற பெண் செய்திருந்த சிற்பம் புகைப்படத்தில் அவர் கண்ணில் பட்டது. நேரில் போய்ச் சரிபார்த்து, கப்பலுக்கு அனுப்பிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்.

படத்தில் வாசற்கதவைவிட உயரமான ஒரு மனிதன் நின்றான். வயிறு வாஷிங் மெஷின் டிரம். மூக்கு ஒரு பித்தளைக் குழாய். மார்பு முழுக்க ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணங்கள். அங்கே அவற்றுக்கு மங்கு என்று பெயர். கையில் நீண்ட கோல் ஒன்று. கிளம்புவதற்கு முன்பே கையேட்டை எழுதி முடித்துவிட்டேன். 'உழைத்துத் தேய்ந்த தொழிலாளியின் உடல் இது. ஊன்றுகோலில் சாய்ந்து நிற்கிறது ஒரு நூற்றாண்டின் களைப்பு.' எனக்கே பிடித்துப்போய் கணவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறை அவர் விழித்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

சிரம்பான் ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போக ஸ்டெல்லாவின் கணவர் சேவியர் வந்திருந்தார். பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அந்தப் பேருந்தோடும், அதற்குள் இருந்த அத்தனை பிள்ளைகளோடும் வந்திருந்தார்.

"மொதல்ல பிள்ளைங்கள எறக்கிட்டுப் போயிருவோம்லா மேடம். பக்கம்தான்."

அவர் சொன்ன 'பக்கம்' முடிவதற்குள் நெகிரி செம்பிலானில் பாதியைப் பார்த்துவிட்டேன். எங்கே திரும்பினாலும் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை. ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஒழுக்கமாக நிற்கும் மரங்கள். பின்சீட்டிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்து, "ஆன்ட்டி, நீங்க சீரியல்ல வர்றவங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றதும், "பேச்சு அப்படித்தான் இருக்கு" என்று ஏமாற்றத்தோடு திரும்பிப் போனாள். வழியில் பேருந்து ஒரு முறை நின்றுபோனது. சேவியர் இறங்கி எதையோ குலுக்கினார், அது மறுபடி கிளம்பியது. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே இரண்டு குரங்குகள் மட்டும் வேடிக்கை பார்த்தன. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி வட்டமாகப் பெரிதாக, பேருந்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், பிளாஸ்டிக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதில் என் முகம் தெரிந்துகொண்டே வந்தது.

வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு பூப்பந்துத் திடல். அதன் ஓரத்தில் அவன் நின்றான். படத்தில் பார்த்ததைவிடக் கம்பீரமாக, ஆனால் ஒற்றைக் கண்ணோடு. நான் அசரவில்லை. 'ஒரு கண்ணை இழந்தும் பார்க்க மறுக்காத வரலாறு' என்று மனத்துக்குள் ஒரு வரி ஓடியது.

"அந்தக் கண்ணா மேடம்? பஸ்சு கண்ணாடி ஒடஞ்சிருச்சு. சேவியர் கழட்டி மாட்டிக்கிட்டாரு" என்றாள் ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயது சொல்லலாம். சிரம்பானில் வண்டிகளின் புகைக்குழாய் மாற்றும் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை. முழங்கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. தன்னடக்கம் என்ற பழக்கம் அவளுக்கு அறவே கிடையாது. "இந்த மாதிரி மலேசியாவுலேயே யாரும் செய்யல மேடம். புக்குல அதப் பெருசா போடுங்க. எம் பேரயும் பெருசா போடுங்க."

சூடான தே தாரிக் வந்தது. நன்றாக ஆற்றிய தேநீர், நுரை ததும்ப, பாயசத்துக்குப் போட்டியாக இனிப்பு. அதைக் குடித்த தெம்பில் என் நாலு பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பக்கம் முடிவதற்குள் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் சேவியரைக் கூப்பிட்டு அவரையும் சேர்த்துக்கொண்டாள்.

"மேடம், இது தொழிலாளி இல்லலா. இது மண்டோர்."

மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. விடியும் முன்பே பெரட்டு என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்து, பிந்தி வந்தவர் பெயரை வெட்டிவிட்டு, மற்றவரை ரப்பர்க் காட்டுக்கு விரட்டுகிறவர். அந்தக் கோலை அவர் ஒரு நாளும் ஊன்றியதில்லையாம். ஓங்கத்தான் வைத்திருந்தாராம். "வயிறு ஏன் வாஷிங் மெஷின்?" என்று கேட்டேன். "எவ்வளவு போட்டாலும் பத்தாதுன்னு சுத்திக்கிட்டே இருக்கும்ல, அதான்" என்றாள்.

அன்று சாயங்காலமே, தங்கியிருந்த ஸ்டெல்லா வீட்டில், கையேட்டைத் திருத்த உட்கார்ந்தேன். 'களைப்பு' என்று வந்த இடத்திலெல்லாம் 'அதிகாரம்' என்று மாற்றினேன். மற்ற வாக்கியங்கள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. என் நடையைப் பற்றி எனக்கே லேசான சந்தேகம் வந்தது அப்போதுதான்.

மறுநாள் காலை லெட்சுமி அக்காவின் கடைக்குப் பசியாறப் போனோம். ஸ்டெல்லாவுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். அறுபதைத் தாண்டிவிட்டார். முன்பு பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், இப்போது வீட்டு முன்னால் நாசி லெமாக் விற்கிறார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, அரை முட்டை, மேலே சிவப்பாகச் சம்பல்.

"இனிப்பா இருக்கே அக்கா?"

"காரம் பின்னால வரும் மேடம். அவசரப்படாதீங்க."

சொன்னபடியே வந்தது. கை கழுவ அவர் வீட்டு ஓரம் போனபோது அங்கிருந்த பித்தளைக் குழாயை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. திடலுக்கு ஓடினேன். மண்டோரின் முகத்தில் மூக்கு இருந்த இடம் ஓட்டையாக இருந்தது.

"அக்கா வீட்டுப் பைப்பு நேத்து ஒடஞ்சிருச்சு" என்றாள் ஸ்டெல்லா, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லும் குரலில்.

இது போதாதென்று மத்தியானம் மணியம் வந்தார். எதிர்வரிசைக்காரர். மோட்டார் என்று இவர்கள் சொல்லும் பைக்கை நிறுத்திவிட்டு ஸ்பேனரோடு இறங்கி, என் கண் முன்னாலேயே மண்டோரின் வலது கட்டைவிரலைக் கழற்றினார். அது ஒரு பழைய மோட்டாரின் பிரேக் பிடி. "கொஞ்ச நாளு கொங்சி பண்ணிக்கிறேன்லா ஸ்டெல்லா" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கொங்சி என்றால் பங்கு போட்டுக்கொள்வது. பிறகு என்னிடம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, "இந்தியாவுல இப்ப மழையா மேடம்?" என்று விசாரித்தார். போகிற போக்கில் மண்டோரின் முதுகில் ஓர் அறை விட்டார். திடல் வழியாகப் போகிற எல்லோருமே அவனை ஓர் அறை அறைந்துவிட்டுத்தான் போகிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சென்னையில் வாசலில் விட்ட செருப்பு காணாமல் போகும். ஆனால் எடுத்தவர் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போக மாட்டார். இரண்டில் எது மேல் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் முதலாளி தொலைபேசியில் வந்தார். விலை பேசக்கூடிய இரண்டு பேருக்குப் படத்தைக் காட்டிவிட்டாராம். "படத்துல இருக்கிற மாதிரியே வரணும். ஒரு ஆணி குறைஞ்சாலும் அனுப்பாதீங்க. வங்காளத்துக்காரரோட பிளாஸ்டிக் மீன் ரெடியா இருக்கு, அதை வெச்சுக்கலாம்." சனிக்கிழமை லோரி வரவேண்டும்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு புடவையை எடுத்து வந்து காட்டினாள். திறப்பு விழாவுக்காக வாங்கியதாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் அவள் பெயரைச் சொல்லி அறிவித்துவிட்டாராம். பட்டறையில் விடுப்பும் சொல்லியாகிவிட்டது.

"இதுக்கு முந்தி ஒன்னு செஞ்சேன் மேடம். சிரம்பான்ல ஒரு ஷாப்பிங் மால்ல வெச்சாங்க. லிப்டுக்குப் பக்கத்துல. வர்றவங்கல்லாம் அதுல பைய மாட்டிட்டு போன் பேசுனாங்க. திருப்பி எடுக்கப் போனா, பழைய இரும்பு லோரியில போட்டுட்டோம்னு சொல்லிட்டாங்க. இந்த ஒன்னையாவது ஆளுங்க நின்னு பாக்கணும். பாத்துட்டு, யாரு செஞ்சான்னு கேக்கணும்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ சிற்பிகளைப் பார்த்திருக்கிறேன். தனக்கு வேண்டியதை இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை. "வா, வீடு வீடாப் போய்த் திருப்பிக் கேட்போம்" என்று எழுந்தேன்.

"அது முடியாது மேடம். நான் இதெல்லாம் எடுக்கும்போது யாரக் கேட்டேன்? அவங்கவங்க வீட்டுப் பின்பக்கம் கெடந்துச்சு, எடுத்துட்டேன். இப்ப முன்பக்கம் நிக்குது, அவங்க எடுக்குறாங்க. இன்னிக்கு ஒன்னத் திருப்பிக் கேட்டா, நாளைக்கு நான் எப்படி அவங்க பின்பக்கம் போவேன்? அதுவும் மண்டோர்கிட்டேருந்து கழட்டுறதுன்னா அவங்களுக்கு ஒரு குஷி."

அவள் கேட்க மாட்டாள் என்றால் நான் மூளையைப் பயன்படுத்துவேன். சேவியரோடு சிரம்பானுக்குப் போய் ஒரு சீனர் கடையில் புத்தம் புதிய பித்தளைக் குழாய் வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் மலாயில் கேட்டார். "மூக்குக்கு" என்று சேவியர் பதில் சொன்னார். கடைக்காரர் என் மூக்கை ஒரு தரம் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை.

திட்டம் எளிமையானது. புதிய குழாயைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிவிடுவது. லெட்சுமி அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீங்க எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்றபடி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்ததாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு என்னுடையதை மாட்டினார். வெளியே மண்டோரின் மூக்கு அப்படியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரம் மூக்கறுபட்டது மண்டோருக்கு மட்டுமல்ல.

நாலாம் நாள் அவனுடைய வயிறு போனது. எதிர்வரிசையில் ஒரு பிறந்தநாள். வாஷிங் மெஷின் டிரம்மில் கரி போட்டால் எல்லாப் பக்கமும் காற்றுப் போய் நெருப்பு பிரமாதமாகப் பிடிக்குமாம். சாயங்காலம் என்னையும் அழைத்தார்கள். மறுப்பது மரியாதையில்லை என்று போனேன். நான் சரிபார்க்க வந்த சிற்பத்தின் வயிற்றில் வெந்த கோழியைத் தின்றேன். மஞ்சளும் செராய் என்கிற எலுமிச்சைப் புல்லும் போட்டு ஊறவைத்த கோழி. ருசியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லெட்சுமி அக்கா தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னா மேடம், மூஞ்சி வாடிக் கெடக்கு?"

"நாளைக்கு லோரி வருது அக்கா. மண்டோரை இப்படியே அனுப்ப முடியாது. ஸ்டெல்லாவுக்கு எல்லாம் போச்சு."

"சிரம்பானுக்குத்தானே?"

"சென்னைக்கு."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "இந்தியாவுக்கா? எப்படி?"

"கப்பல்லதான். கிள்ளான் துறைமுகத்திலிருந்து."

"திரும்பி வருவானா?"

"யாராவது வாங்கிட்டா வர மாட்டான். வாங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா எல்லாப் பாகமும் சரியா இருந்தாத்தான் கப்பல்ல ஏத்துவோம்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். பாதிக் கோழி அப்படியே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு மணியத்தின் வீட்டுப் பக்கம் போய்விட்டார். பிறந்தநாள் வீட்டில் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாமே என்று என்னையே நான் நொந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை இரும்பு தட்டும் சத்தத்தில் எழுந்தேன். திடல் முழுக்க ஆட்கள். மணியம் தன் மோட்டாரிலிருந்து பிரேக் பிடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறந்தநாள் வீட்டுக்காரர் டிரம்மைச் சாம்பல் போகத் தேய்த்துக்கொண்டிருந்தார். சேவியர் பேருந்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமி அக்கா பித்தளைக் குழாயோடு வந்தார். அவர் வீட்டு ஓரத்தில் கட்டையைச் செதுக்கி அடைத்துத் துணி சுற்றியிருந்ததையும் மீறித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் படத்தில் பார்த்தேயிராத சாமான்களும் வந்தன. காதுக்குப் பின்னால் இருந்த விசிறி வளையமாம், போன வருடமே எடுத்ததாம்.

ஸ்டெல்லா வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே எல்லோரையும் திட்டினாள். "அந்தக் கண்ண அழுத்தாதீங்கலா! விரலு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" மதியத்துக்குள் மண்டோர் முழுசாக எழுந்து நின்றான். படத்தையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வயிற்றில் கொஞ்சம் கரி. அதற்கு என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது.

அந்த நேரம் என் கண்ணும் கலங்கியது உண்மை. கலை என்று ஒன்று தன் ஊரில் பிறந்தால், குழாயில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற மக்கள்! கையேட்டின் கடைசிப் பத்தி கண் முன்னால் தெரிந்தது. லெட்சுமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லாவோட கலைக்காக இவ்வளவு செய்றீங்களே அக்கா" என்றேன்.

"கலையா?" என்றார். "ஒரு சாமான் கொறஞ்சாலும், அதச் சாக்கு வெச்சுத் திரும்பி வந்துருவான் மேடம். அவன் புத்தி எங்களுக்குத் தெரியாதா? எல்லாத்தையும் குடுத்துட்டா, எதக் கேட்டு வருவான்?"

மணியம் தலையாட்டினார். அக்கா குரலைத் தாழ்த்தாமலே தொடர்ந்தார்.

"எங்க தாத்தாவ கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து இங்க எறக்குனாங்க. அதுக்கப்புறம் அங்கேருந்து யாரு வந்தா, யாரு போனா? இப்பத்தான் மொத மொத ஒருத்தனத் திருப்பி ஏத்துறோம். கைப்புள்ளைக்குப் பால் குடுத்துட்டுப் பெரட்டுக்கு லேட்டா வந்துச்சுன்னு எங்கம்மாவ மண்டோரு அன்னிக்குப் பூரா வெயில்ல நிக்க வெச்சான். அந்தக் கைப்புள்ள நான்தான்."

கடைசிப் பத்தி கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா எங்களைப் பார்க்காமல் அவன் கோலை இன்னும் ஒரு முறை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

லோரி வந்தது. மலாய் ஓட்டுநர் இறங்கி மண்டோரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பழைய இரும்புக் கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, முகவரி தப்போ என்று கேட்டார். சேவியர் அவருக்கு விளக்கிச் சொன்னார். பிறகு அத்தனை பேரும் சேர்ந்து தூக்கினார்கள். மணியம் பின்னால் நின்று, "ஏறு, ஏறு! லேட்டாச்சு! பேரு வெட்டிருவேன்!" என்று அதட்டினார். திடல் முழுக்கச் சிரிப்பு. யாரும் இந்த முறை அவனை அறையவில்லை. நெளிந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கயிறு கட்டி முடிந்ததும் ஸ்டெல்லா லோரியில் ஏறி அவன் மூக்கை ஒரு தரம் துணியால் துடைத்தாள். இறங்கி வந்து என்னிடம், "யாரு செஞ்சான்னு கேட்டா, பேரச் சரியா சொல்லுங்க மேடம்" என்றாள். சொல்வேன் என்றேன். அதையாவது அப்படியே செய்வேன்.

லோரி செம்பனைகளுக்கு நடுவே திரும்பி மறையும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கைகாட்டி வழியனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. லெட்சுமி அக்கா என் பக்கம் வந்தார்.

"சென்னையில அவன எங்க வெப்பீங்க மேடம்?"

"கூடத்துக்கு நட்டநடுவுல அக்கா. எல்லாரும் பார்க்கிற மாதிரி."



"வெயில்ல நிக்க வைங்க."

"சரி அக்கா" என்றேன். எங்கள் கூடத்தில் நாள் முழுக்க ஏசி ஓடும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.